வலியே இல்லாத முழங்கால்

காலையில் ஸ்டேஷனில் வாங்கிக் கொடுத்த இட்லி நன்றாக இருந்தது. சட்னியில் உப்பு ஒரு கல் குறைவு, அவ்வளவுதான். இன்ஸ்பெக்டர் முத்துசெல்வி அம்மா, நீங்கள் என்னை மரியாதையாகத்தான் நடத்துகிறீர்கள். "நடந்ததை நடந்தபடி சொல்லுங்க, நாங்க எழுதிக்கிடுதோம்" என்றீர்கள். மறைக்க என்னிடம் ஒன்றும் இல்லை. நான் சொல்லி முடிக்கும்போது இதில் குற்றம் என்று ஒன்று இருக்கிறதா என்பதே உங்களுக்குச் சந்தேகமாகிவிடும்.

என் பெயர் விஜயசங்கர். ஐந்தருவிக்குப் போகிற சாலையில் மூலிகைத் தைலக் கடை வைத்திருக்கிறேன். மூட்டுவலி, இடுப்புவலி, கழுத்துப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே தைலம்தான். லேபிள் மட்டும் வேறு வேறு. இதைக் குறையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உடம்பு ஒன்றுதானே.

போன வருஷம் சாரல் முடிகிற சமயம் என் செல்லுக்கு ஒரு படம் வந்தது. யாரோ யாருக்கோ அனுப்பி, சுற்றிச் சுற்றி எங்கள் வியாபாரிகள் குரூப்பில் வந்து விழுந்திருந்தது. ஐந்தருவியில் ஒரு பெரியவர் நிற்கிறார். எண்பதை நெருங்குகிற வயது. தலையில் விழுந்த தண்ணீர் குடை மாதிரி விரிந்து தெறிக்கிறது. இரண்டு கைகளையும் மேலே தூக்கி, பொக்கை வாயைத் திறந்து சிரிக்கிறார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பார்க்கிறவனுக்கே வலி குறையும். அன்று எனக்குப் பல்வலி, மறந்துவிட்டது. அப்படிப்பட்ட படம் செல்லுக்குள் சும்மா கிடப்பது அநியாயம் என்று பட்டது.

படத்தின் மூலையில் சின்னதாக 'வேல்விழி' என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் கடை நம்பர் வர வேண்டியிருந்ததால் எடுத்துவிட்டேன். பெரியவரின் வலது கை வெறுங்கையாக இருந்தது. கம்ப்யூட்டரில் அதற்கு ஒரு தைலப் பாட்டிலைக் கொடுத்தோம். கீழே 'அஞ்சு வருஷ மூட்டுவலி, அஞ்சே நாளில் பறந்தது' என்று போட்டோம். தென்காசி பஸ் ஸ்டாண்ட் எதிரில், பாவூர்சத்திரம் மார்க்கெட் வாசலில், சுரண்டையில் என்று போர்டுகள் ஏறின. சுரண்டையில் ஒரு அம்மாள் ஏதோ சாமியார் என்று நினைத்து போர்டைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாராம். வியாபாரம் நன்றாக நடந்தது.

இந்த வருஷம் சீசன் தொடங்கும்போது கடைக்கு ஒரு பெண் வந்தாள். தோளில் காமிராப் பை. பாவூர்சத்திரத்துக்காரி. கல்யாணம், காதுகுத்து, பத்திரிகைக்குப் படம் என்று யாரிடமும் மாதச் சம்பளத்துக்கு நிற்காமல் தனியாகத் தொழில் செய்கிறவள். வண்டியை நிறுத்தியதும் முதல் வேலையாகக் கடை வாசல் போர்டைப் படம் எடுத்தாள். விளம்பரத்தில் மயங்கிவிட்டாள் என்று நினைத்து நாற்காலியைத் துடைத்துப் போட்டேன்.

"அண்ணாச்சி, என் பேரு வேல்விழி. அந்த போர்டுல இருக்க படம் நான் எடுத்தது."

"அருவி கவர்மெண்டுக்குள்ளது. பெரியவரு அவுக வீட்டுக்குள்ள ஆளு. இதுல உனக்குள்ளது எதும்மா?" என்று கேட்டேன். உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"அன்னைக்கு அருவியில ஊர்ப்பட்ட சனம் நின்னுச்சு அண்ணாச்சி. எல்லாரும் பாத்தாங்க. எடுத்தது நான். விடிஞ்சதுல இருந்து சாரல்ல நனைஞ்சுகிட்டு நின்னு எடுத்தேன். இதான் எனக்குச் சோறு. தைலத்தை நீங்க சும்மாவா குடுக்கீய?"

இரண்டு பாட்டிலை எடுத்துச் சும்மாவே நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"படத்துக்குள்ள கூலியைக் குடுங்க. என் பேரைப் போடுங்க. அந்தத் தாத்தாட்டயும் ஒரு வார்த்தை கேட்டுக்கிடுங்க, நான் கேட்டுத்தான் எடுத்தேன். முடியாதுன்னா போர்டைக் கழட்டிருங்க."

ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாம் நியாயமாகத்தான் இருந்தது. சேர்த்துக் கேட்டதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

"அந்தப் படம் நானே எடுத்தது" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொன்னதல்ல, வாயில் வந்தது. ஆனால் சொன்ன பிறகு அதில் பெரிய தப்பு ஒன்றும் தெரியவில்லை. அந்தப் படத்தை நான் பார்த்த அளவுக்கு எடுத்தவளே பார்த்திருக்க மாட்டாள்.

அவள் சண்டை போடவில்லை. காமிராவைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள்.

"அப்போ அதுக்கு முன்னால எடுத்தது, பின்னால எடுத்தது எல்லாம் உங்ககிட்ட இருக்கும்லா. ஒரே ஒரு படம் எடுத்துட்டு யாரும் வீட்டுக்குப் போக மாட்டாங்க. எடுத்து வைங்க அண்ணாச்சி, வக்கீல் கேப்பாரு."

வக்கீல் நோட்டீஸ் வந்தது. அதை எடுத்துக்கொண்டு தென்காசியில் என் வக்கீல் தாணுமாலயனிடம் போனேன்.

"ஓய், எடுத்தது நீருதானா?"

"நான்தான்."

"அப்போ மிச்சப் படம் எங்க?"

"தேடிக்கிட்டு இருக்கேன்."

"தேடும். கிடைச்சா பேசலாம். கிடைக்கலைன்னா அந்தப் பிள்ளை கேக்கதைக் குடுத்துட்டுப் பேசாம இரும்" என்றார்.

தேடினால் கிடைக்காது என்று எனக்குத் தெரியும். எடுத்தால்தான் கிடைக்கும்.

பெரியவரைக் கண்டுபிடிப்பதில் சிரமம் இருக்கவில்லை. வக்கீல் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் எங்கள் போர்டுக்குக் கீழேயே நிற்கிறார். பெயர் குத்தாலிங்கம். இலஞ்சிக்காரர், சொந்த வயல் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களிடம் மேலே கையைக் காட்டி, "இது நான்தான். ஆனா எனக்கு முட்டுவலியே கிடையாது. இந்த எண்ணெயைக் கண்ணால பாத்தது இல்ல" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கோபமில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது போலச் சொன்னார். கொஞ்ச நாளாகத் தென்காசி விற்பனை ஏன் படுத்துக்கிடக்கிறது என்று அப்போதுதான் புரிந்தது.

மறுநாளே இலஞ்சிக்குப் போய் ஒரு பெட்டி தைலம் கொடுத்துவிட்டு வந்தேன். ஒருவர் பயன்படுத்திப் பார்த்தால் மனசு மாறும் அல்லவா. ஒரு வாரம் கழித்துப் போய்க் கேட்டேன்.

"எப்படி அண்ணாச்சி இருக்கு?"

"ரொம்ப நல்ல எண்ணெய்லே. எங்க வீட்டு வாசல் கேட்டு கிரீச்சு கிரீச்சுன்னு கத்திக்கிட்டே கிடந்துச்சு. ரெண்டு சொட்டு விட்டேன், இப்போ சத்தமே இல்ல."

"முட்டுல போட்டுப் பாத்தீயளா?"

"முட்டுல எதுக்குப் போட? அது சத்தம் போடலையே. நேத்துகூட வயலுக்கு நடந்துதான் போயிட்டு வந்தேன்."

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். விளம்பரம் பொய்யாக இருப்பது எனக்கு எப்போதுமே பிடிக்காது. அப்பா காலத்துக் கடை. எங்கள் போர்டில் உள்ள ஒவ்வொரு வார்த்தையும் உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறவன் நான். ஆனால் அந்த மனிதரின் முழங்காலில் வலி என்ற பேச்சே இல்லை. எத்தனை நாள் எண்ணெய் கொடுத்தாலும் இல்லாத வலி எப்படிக் குறையும்? இரண்டு மூன்று இரவுகள் எனக்குத் தூக்கம் வரவில்லை. அகிலாண்டேஸ்வரி, என் மனைவி, "அந்தப் பிள்ளைக்குக் குடுக்க வேண்டியதைக் குடுத்துட்டுப் படுங்களேன்" என்றாள். அவள் எதையும் மேலோட்டமாகப் பார்க்கிறவள்.

பிறகு பெரியவரிடம் போய், "ஐந்தருவியில இன்னும் கொஞ்சம் படம் எடுக்கணும் அண்ணாச்சி" என்றேன்.

"போன தடவை அந்தப் பிள்ளை வேல்விழில்லா எடுத்துச்சு? நல்ல பிள்ளை. படத்தை பிரேம் போட்டு வீடு தேடி வந்து குடுத்துச்சு."

"அவதான் என்னை அனுப்பினா."

"அப்படின்னா வாரேன்" என்றார்.

அந்த ஒரு பொய்தான் எனக்குக் கெடுதலாக முடிந்தது. நான் கிளம்பியதும் அவர் அந்தப் பெண்ணுக்குப் போன் போட்டு, "நீ அனுப்புன ஆளு வந்துட்டுப் போறாரு, நீயும் வந்துரு பிள்ளை" என்று சொல்லியிருக்கிறார். அவ்வளவு வெள்ளந்தியான மனிதர்.

படம் எடுக்கப் போன அன்று அருவியில் தண்ணீர் அளவாக விழுந்தது. கூட்டமும் அளவுதான். அருவியில் எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் கூடாது என்று தடை இருப்பதால், பாட்டிலைத் துண்டுக்குள் சுருட்டிக் கொண்டுபோனேன். இதை நீங்கள் தனிக் குற்றமாக எழுதிக்கொண்டால் நான் எதிர்க்க மாட்டேன். ஓரத்துப் படியில் பெரியவரை நிறுத்தி, தோளிலும் முதுகிலும் கைகளிலும் தைலம் தடவினேன். படத்தில் தோல் மின்ன வேண்டும்.

"நல்லாத்தான் தேய்க்கிறலே. முன்னால பார்பர் கடையில இருந்தியா?" என்று கேட்டார்.

பிறகு நான் கீழே போய் நின்று செல்லைப் பிடித்தேன். "அண்ணாச்சி, ரெண்டு கையையும் மேல தூக்கிக்கிட்டே இறங்கி வாங்க" என்றேன். "கம்பியைப் பிடிக்க வேண்டாமா?" என்று கேட்டார். "போன படத்துலயும் நீங்க பிடிக்கல" என்றேன். அது உண்மை.

இறங்குவதற்கு முன் எடுத்த படங்கள் நன்றாக வந்தன. இறங்கும்போது எடுத்தது ஆடிவிட்டது. அவர் மூன்றாவது படியில் சறுக்கி, வலது முழங்கால் கல்லில் பட விழுந்தார். படம் ஆடியிருக்கிறதா என்று நான் பார்த்துக்கொண்டிருந்தபோது, எதிர்ப்பக்கக் கூட்டத்திலிருந்து வேல்விழி ஓடி வந்து அவர் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் முன்பே கத்தினாளாம். அருவிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்று நீங்கள் கேட்டீர்கள். அது யூகம், யூகத்துக்குப் பதில் சொல்வது சரியல்ல.

முழங்கால் சில்லு உடைந்துவிட்டது. ஆபரேஷன் செய்து கம்பி கட்டினார்கள். இனி வயலுக்கு நடக்க முடியுமா என்பது சந்தேகம், மழைக்காலத்தில் வலி இருந்துகொண்டே இருக்கும் என்று டாக்டர் சொன்னார். நான் பழம் வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். அப்போது அவருக்கு என்மேல் சந்தேகம் எதுவும் இல்லை.

"ஏலே விஜயசங்கரு, இப்போ வலிக்குதுலே. உன் எண்ணெயைக் கொண்டா, பாப்போம்."

கட்டுக்கு மேலே, கட்டுக்குக் கீழே என்று நானே தடவிவிட்டேன். அந்த நிமிஷம் எனக்கு ஏற்பட்ட நிம்மதியை வார்த்தையில் சொல்ல முடியாது. ஊரெல்லாம் தொங்குகிற போர்டுக்கும் இந்த மனிதருக்கும் நடுவில் இருந்த பொய் போய்விட்டது. அவர் கொஞ்ச நேரம் கண்ணை மூடிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் கேக்கலைலே" என்றார். அஞ்சு நாள் ஆகவில்லையே, அதற்குள் எப்படிக் கேட்கும்?

நாலாவது நாளே நீங்கள் வந்துவிட்டீர்கள்.

அதன் பிறகு நான் உள்ளே இருந்த நாட்களில் நடந்தவை என் கையில் இல்லை. தாணுமாலயன் கேஸை விட்டு விலகிக்கொண்டார். அகிலாண்டேஸ்வரி எல்லா போர்டையும் கழற்றிவிட்டு, வேல்விழிக்கு அவள் கேட்ட கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்தாளாம். ஆஸ்பத்திரிச் செலவையும் கடைக் கணக்கில் கட்டிவிட்டாள். போதாததற்குக் கடைக்குப் புதுப் படம் எடுக்க அந்தப் பெண்ணையே அழைத்திருக்கிறாள், முன்பணம் கொடுத்து. கடை முன்பைவிட நன்றாக ஓடுகிறது என்கிறார்கள். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

கடைசியாக இந்தப் படங்கள். வேல்விழி உங்களிடம் கொடுத்தவை, மேஜையில் வரிசையாக வைத்திருக்கிறீர்கள். நான் மறுபடியும் ஏதோ திருடப் போகிறேன் என்று நினைத்து, கையும் களவுமாகப் பிடிக்க, பெரியவரிடமும் சொல்லாமல், அன்று தூரத்திலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டே வந்திருக்கிறாள். முதல் படத்தில் தோளில் தடவுகிறேன். அடுத்ததில் முதுகு. அதற்கடுத்ததில் பெரியவரைப் படியில் உட்கார வைத்து, அவர் பாதத்தை என் மடியில் ஏந்தி, உள்ளங்காலில் தேய்க்கிறேன். விரலிடுக்கைக்கூட விடவில்லை. அவருக்குக் கூச்சம், சிரிக்கிறார். அதற்கடுத்ததில் இன்னொரு கால்.

தோல் மின்ன வேண்டுமென்றால் உள்ளங்கால் எதற்கு என்று கேட்டீர்கள். நியாயமான கேள்வி. அங்கே தடவினால்தான் விழுவார். விழுந்தால்தான் வலி வரும். வேறு காரணம் இல்லை.

நல்ல படம் அம்மா. வெளிச்சம் சரியாக விழுந்திருக்கிறது. என் முகம், பாட்டில், லேபிளில் உள்ள எழுத்து எல்லாம் துல்லியமாகத் தெரிகின்றன. பத்திரிகைக்காரர்கள் யாராவது கேட்டு வந்தால் தாராளமாகக் கொடுங்கள். எனக்கு ஆட்சேபனை இல்லை.