விமானத்துக்குள் ஒரு திருஷ்டி மணி

– இன்னும் பனியனோட நிக்கிறியே துன்ஜாய் தம்பி! கீழே உன்கூட அமெரிக்கா போன எர்தால் வண்டியோட காத்துக்கிட்டிருக்கான். பாராட்டு விழாவுக்கு மேயர் வந்தாச்சு, பேண்டு வாத்தியம் வந்தாச்சு. நீதான் பாக்கி.

– நான் வரலைன்னு காலையிலேயே சொன்னேனே, ஹம்தி சித்தப்பா.

– சொன்னே. வெட்கப்படுறேன்னு நினைச்சேன். நான் சொல்றதைக் கேளு. இத்தனை வருஷமா இந்தத் தெருவுக்குத் தலைவனா இருக்கேன். குழாய் உடைஞ்சு தெருவே குளமா நின்னப்ப டிவிக்காரன் வந்தானா? இன்னிக்கு வந்திருக்கான். நம்ம எஸ்கிஷெஹிர் ஊர்ல வேற எந்தத் தெருவுக்கு இந்த யோகம்? மகளே நெர்மின், உன் புருஷனுக்கு நீயாவது எடுத்துச் சொல்லு.

– சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்குது சித்தப்பா. நீங்க உட்காருங்க, டீ ஆறுது. துன்ஜாய், அந்த வேலைச் சட்டையைப் போட்டுக்கிட்டுக் கிளம்பு. அமெரிக்காவில போட்டிருந்தியே, கையில நம்ம கொடி தைச்ச சட்டை. அது எங்கே?

– பெட்டியில. திறக்க வேண்டாம்.

– அங்கேயிருந்து வந்ததுல இருந்து அந்தப் பெட்டியை நீ திறக்கவே விடல. உள்ளே என்ன, அமெரிக்காக்காரி போட்டோவா?

– ஹா! கேட்டியா தம்பி? அவமானப்பட்டது நாடு, உதை உனக்கு. சரி, நான் மேடையில என்ன பேசப்போறேன்னு கேளு. 'ராடார் கண்ணுக்கே படாத விமானம். பல நாடு சேர்ந்து செய்யிற விமானம். அதுக்குப் பாகங்களை நம்ம பிள்ளைங்க செய்யிறாங்க. நம்ம கொடி வரைஞ்ச விமானம் அங்கே கொட்டகையில நிக்குது. ரஷ்யாக்காரன்கிட்ட ஏவுகணை வாங்கினோம்கிற ஒரே கோபத்துல, கத்துக்கப் போன நம்ம பிள்ளைங்களை அமெரிக்காக்காரன் பாதியிலேயே திருப்பி அனுப்பிட்டான்!' இங்கே கொஞ்சம் நிறுத்துவேன். கைதட்டுவாங்க.

– கோபம் மட்டும் இல்ல சித்தப்பா. அந்த ஏவுகணையோட ராடார் தினமும் இந்த விமானத்தைப் பார்த்துப் பார்த்துப் பழகிடும்னு பயம். ஒளியுறவனையும் தேடுறவனையும் ஒரே வீட்டில வச்சா அப்புறம் ஆட்டம் ஏது?

– நீ யார் பக்கம்டா? இதை மைக்குல சொல்லித் தொலைக்காதே!

– அதுக்குத்தான் வரலைங்கிறேன்.

– சரி, விமானம் வந்திருந்தா நீதானே ரிப்பேர் பார்த்திருப்பே? அதைச் சொல்லு. ஜனங்க உருகும்.

– நானா? விமானத்து மூடிகள்ல பாதியை அவங்க ஆளு பக்கத்துல நிக்காம நாம திறக்கவே கூடாது. மேல்தோல்ல ஒரு கீறல் விழுந்தா ராடார்ல தெரிஞ்சிடும். அதுக்குப் பூசுற பூச்சையும் அவங்கதான் தருவாங்க. உதிரி பாகம் எப்ப வரும்கிறதும் அவங்க கையில.

– அட அல்லா! அப்ப பத்திரம் நம்ம பேர்ல, சாவி அவன் இடுப்புலயா?

– அப்படித்தான். எல்லா நாட்டுக்கும் அப்படித்தான்.

– அதையும் பேச்சுல சேர்த்துக்கிறேன். கிளம்பு, கிளம்பு. எர்தால் ஒரே பிடிவாதமா நிக்கிறான் தெரியுமா? 'துன்ஜாய் அண்ணன் மேடை ஏறினாத்தான் நானும் ஏறுவேன், முதல் மாலை அவருக்குத்தான்'னு. கண்ணு கலங்கிடுச்சு பையனுக்கு.

– எர்தால் சொன்னானா?

– என்கிட்டயும் சொன்னான் துன்ஜாய். அவன் திரும்பி வந்த நாளா வாரம் தவறாம பழக்கூடையோட வந்து நிக்கிறான். நீ உள்ளேயே படுத்துக்கிட்டு முகம் கொடுக்க மாட்டேங்கிறே. உனக்கு என்னதான் ஆச்சு? உன்கூடப் போனவங்க எல்லாரும் தலை நிமிர்ந்து நடக்கிறாங்க. நீ மட்டும் ரொட்டி வாங்கப் போகக்கூடப் பின்தெரு வழியாப் போறே.

– அவங்களை நாடு காரணமாத் திருப்பி அனுப்பினாங்க நெர்மின்.

– உன்னை?

– நான் எப்ப வந்தேன்? யோசிச்சுப் பாரு.

– ஜூன் கடைசியில. லீவுன்னு சொன்னே. செய்தி வந்தது ஜூலையில. லீவு முடியறதுக்குள்ள கதவைச் சாத்திட்டாங்கன்னுதானே தெருவே பேசுது?

– தெரு பேசுச்சு. நான் வாயைத் திறக்கல. எனக்கு லீவே கிடையாது. என்னைத் தனியா, முதல்லயே அனுப்பிட்டாங்க.

– தம்பி, மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு.

– திறந்தே இருக்கட்டும் சித்தப்பா. அந்த விமானத்துக்கு மூக்குப் பக்கத்துல காத்து இழுக்கிற குகை மாதிரி ஒரு வழி இருக்கும். படுத்து ஊர்ந்து போய் டார்ச் அடிச்சுத் துடைக்கணும். ஒரு திருகாணி உள்ளே கிடந்தாப் போதும், இன்ஜின் தூள் தூளாயிடும். அதனால உள்ளே போறவன் மோதிரம், கடிகாரம், பித்தான் எல்லாம் எண்ணிக் கொடுத்துட்டுத்தான் போகணும். அன்னிக்கு நானும் எர்தாலும் போனோம். நாங்க வெளியே வந்ததும் வாத்தியார் உள்ளே பார்த்தார். கையில ஒரு மணியோட வந்தார்.

– என்ன மணி?

– நீலக்கண் மணி. திருஷ்டி மணி.

– நெர்மின், ஏம்மா முகம் வெளுத்துப் போச்சு? உட்காரு.

– சொல்லட்டும் சித்தப்பா.

– அந்த வகுப்புல பல நாட்டு ஆளுங்க. இதை வேற எவன் கொண்டு வருவான்? எல்லாரும் எங்க ரெண்டு பேரையே பார்த்தாங்க. 'யாருடையது?'ன்னு கேட்டார். எர்தால் தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனக்கு நம்ம வீடு ஞாபகம் வந்துச்சு. பிரிட்ஜ் மேல மணி, கார்ல மணி, பாப்பா தொட்டில்ல மணி. எனக்குத் தெரியாம என் சட்டையில தைச்சு அனுப்பியிருக்கே, உன் வேலைதான்னு அந்த நிமிஷமே தெரிஞ்சுபோச்சு. கை தூக்கிட்டேன். மறுநாளே டிக்கெட்.

– என்னாலயா? நான் செஞ்சதா இதெல்லாம்?

– உன்னைச் சொல்லக் கூடாதுன்னுதான் பேசாம இருந்தேன். அது போகட்டும். இதுல அசிங்கம் எது தெரியுமா? டிவியில அந்தச் செய்தி வந்த ராத்திரி நீ அழுதே, உங்கப்பா டிவியைத் திட்டினார். எனக்கு நிம்மதியா இருந்துச்சு. அப்பாடா, இனி யாரும் என்னைக் கேட்க மாட்டாங்கன்னு. நாடே தலை குனிஞ்ச அன்னிக்கு நான் சந்தோஷமாத் தூங்கினேன். அந்தத் தூக்கத்துக்கு மாலை போடப் போறீங்களா சித்தப்பா?

– நான் சொல்றதைக் கேளு. ஜூன் என்ன, ஜூலை என்ன? அமெரிக்காக்காரன் எப்படியும் அனுப்பியிருப்பான். மேயர் என்ன காலண்டரையா பார்க்கப் போறார்? எர்தால் வாயைத் திறக்க மாட்டான், தங்கமான பையன். ஒரு ரெண்டு நிமிஷம் மேடையில நில்லு, போதும்.

– முடியாது.

– நோட்டீஸ்ல உன் பேர் பெரிய எழுத்துல இருக்கேடா! நான் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டுப் போவேன்?

– என் மூஞ்சியை விட உங்களுது நல்லாத்தான் இருக்கு. போங்க. 'வயித்து வலி'ன்னு சொல்லிடுங்க.

– அல்லா, அல்லா. ஹாரன் வேற அடிக்கிறான். இருடா எர்தால், வர்றேன்! மகளே, நீ என்ன அந்தப் பெட்டியைக் குடையுற?

– துன்ஜாய், அந்த மணி எந்த நூல்ல இருந்துச்சு?

– நூலா?

– மணியில நூல் ஒட்டிக்கிட்டிருந்திருக்குமே. என்ன நிறம்?

– சிவப்பு. வாத்தியார் இடுக்கியில பிடிச்சுத் தூக்கினப்ப வால் மாதிரி தொங்குச்சு. எல்லாரும் சிரிச்சாங்க. மறக்குமா?

– இந்தச் சட்டையைப் பிடி. வலது கை மடிப்பைத் திருப்பு.

– எதுக்கு இப்ப?

– திருப்பு.

– ...இது என்ன? வெள்ளை நூல். மணி இங்கேயே இருக்கே! நெர்மின், மணி இங்கேயே இருக்கே!

– நீங்க அமெரிக்கா கிளம்புறதுக்கு முன்னாடி ரெண்டு மணி வாங்கினேன் துன்ஜாய். எர்தால் தாயில்லாப் பிள்ளை, அவனுக்கும் ஒண்ணு இருக்கட்டும்னு. அவன் சட்டைக்கு வரும்போது வெள்ளை நூல் தீர்ந்துபோச்சு.

– அவனுக்கு... அவனுக்கும் தெரியாமத்தான் தைச்சிருப்பே.

– நீ வேண்டாம்பேன்னு உனக்குத்தான் தெரியாமத் தைச்சேன். அவன் எதிர்ல உட்கார்ந்து, ஊசியில சிவப்பு நூலைக் கோத்தே கொடுத்தான்.