பிடி சீவின சுத்தியல்

இல்ல தம்பி, மடியிலயே இருக்கட்டும். மேல வெச்சா, பிரேக் போடறப்ப யார் மண்டையிலயாவது விழும். அப்புறம் சங்கத் தலைவர் பஸ்ல ஆளை அடிச்சுட்டார்னு கம்பெனிக்காரன் ஊரெல்லாம் போஸ்டர் ஒட்டிருவான். மணி என்ன ஆச்சு? மூணே முக்காலா. சரி சரி.

ஆமா, சுத்தியல்தான். எடுத்துப் பாருங்க, தப்பில்ல. கனமா இருக்குல்ல? இது வீட்டுல படம் மாட்ட ஆணி அடிக்கிற சுத்தியல் இல்ல. மரச் சட்டம் கோத்து வீடு கட்டறோம் பாருங்க, அதுக்குன்னே உள்ளது. முகத்தைத் தடவுங்க. சொரசொரன்னு கட்டம் கட்டமா இருக்கா? ஆணித் தலை வழுக்காது. பின்னாடி கொம்பு வளையாம நேரா இருக்கும், ரெண்டு பலகைக்கு நடுவுல விட்டு நெம்பறதுக்கு. புதுசு வாங்கினா ஒரு வாரக் கூலி அப்படியே போயிரும். நான் அடிமாட்டு விலைக்குல்ல வாங்கிட்டு வரேன்!

எங்கயா? மார்க்கெட்டுக்குப் பின்னாடி, பழைய சாமான் கடை. நான் ஒண்ணும் சுத்தியல் வாங்கப் போகல. நாலு மணிக்கு எங்க சங்கக் கூட்டம். தொண்டை கட்டியிருக்கேன்னு மாத்திரை வாங்கப் போனேன். வழியில பாத்தா, கடை வாசல்ல வரிசையா அடுக்கி வெச்சிருக்கான், அத்தனையும் சட்டம் அடிக்கிற சுத்தியல். மாத்திரையை மறந்துட்டு அங்கயே நின்னுட்டேன். ஏன்னு கேளுங்க. மர வேலைக்காரனுக்குக் கஷ்டம் வந்தா முதல்ல ரம்பத்தை விப்பான். அப்புறம் உளி, இழைப்புளி. சுத்தியல்ல மட்டும் கை வைக்க மாட்டான். அதையும் வித்துட்டான்னா தொழிலுக்கே தலைமுழுகிட்டான்னு அர்த்தம். எங்க ஸ்ட்ரைக் நடக்குதே, கேள்விப்பட்டிருப்பீங்க. தொடரலாமா, வேலைக்குத் திரும்பலாமான்னு இன்னிக்குத்தான் கை தூக்கி முடிவு பண்றாங்க.

அந்த ஜன்னலைக் கொஞ்சம் தள்ளுங்க, புழுக்கமா இருக்கு.

நல்ல பொருள் மலிவா கிடைச்சா சந்தோஷப்படாதே, யார் வயித்துல ஈரத்துணி விழுந்துச்சுன்னு கேளு. இது நான் எழுதின நோட்டீஸ்ல வர்ற வரி தம்பி. பள்ளிக்கூட வாசலை மிதிச்சவன் இல்ல. துண்டு நோட்டீஸை எழுத்துக் கூட்டிக் கூட்டியே படிச்சு வந்தவன். எத்தனை வக்கீலை வாயடைக்க வெச்சிருக்கேன்! ஆனா பாருங்க, இதைக் கையில எடுத்ததும் கடைக்காரன் ஒரு விலை சொன்னான், உடனே இந்த வாய் சும்மா இருந்துச்சா? முதலாளின்னு ஒருத்தன் எதிர்ல நின்னா போதும், தானா திறந்துக்கும். பிடியைச் சீவி வெச்சிருக்குய்யா, யாரோ சின்னக் கைக்காரங்க அவங்க கைக்குன்னு சீவியிருக்காங்க, இது எவன் கையில நிக்கும், சும்மா குடுத்தாக்கூட வேணாம்னு ஒரு பிடி பிடிச்சேன். சொன்னதுல பாதிக்கு இறங்கி வந்துட்டான். கம்பெனிக்காரன்கூட இவ்வளவு சீக்கிரம் இறங்கினதில்ல.

பணத்தை எண்ணிக்கிட்டே சொல்றான், பெரியவரே, நானும் அந்தப் பொண்ணுகிட்ட இதைத்தான் சொன்னேன், பிடி சீவினதுக்கு இவ்வளவுதான்னு. ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசல, குடுத்ததை வாங்கிட்டுப் போயிருச்சுங்கறான்.

எங்க சங்கத்துல சட்டம் அடிக்கிற பொம்பளை ஒருத்திதான் தம்பி. என் மக.

பாத்ததுமே தெரியலையான்னா? நல்லாக் கேட்டீங்க. அவ சாரத்து மேல நின்னு ஆணி அடிச்சா, நான் வாசல்ல நின்னு கோஷம் போட்டுக்கிட்டிருந்தேன். அவ சுத்தியலை நான் எங்க பாத்தேன்?

கால் இடிக்குதா? மன்னிச்சுக்குங்க, இப்படி நகந்துக்கறேன்.

திரும்பி வேலைக்குப் போயிருக்கலாம் அவ. நாலஞ்சு பேர் பின்வாசல் வழியா போயிட்டுத்தான் இருக்காங்க. மாப்பிள்ளை இடுப்பு ஒடிஞ்சு படுத்திருக்கார், ரெண்டு பிள்ளைங்க வேற. போயிருந்தா யார் கேக்க முடியும்? போகல. தலைவர் மகளே உள்ள நுழைஞ்சுட்டாளாம்னு நாலு பேர் பேசிரக் கூடாதுன்னு, தொழிலையே தூக்கிக் குடுத்துட்டு வந்திருக்கா. நேத்து வீட்டுக்கு வந்தவ, அப்பா நாளைக்கு என்ன பேசப் போறீங்கன்னு கேட்டா. வந்து பாரு, கூரை பிச்சுக்கிட்டுப் போகும்னேன். சிரிச்சா தம்பி. எங்கப்பா பேச்சுக்குக் கேக்கணுமான்னுட்டுப் போயிட்டா.

இப்ப மணி என்ன? நாலு தாண்டிருச்சா. ஆரம்பிச்சிருப்பாங்க.

நேரமாயிருச்சேன்னா? அதில்ல. நான் பேசினா தொடரலாம்னுதான் கை தூக்குவாங்க. எனக்குத் தெரியும். வேலைக்குத் திரும்புவோம்னு சொல்லலாம்னுதான் கடை வாசல்லயே ரெண்டு தரம் சொல்லிப் பாத்தேன். தோழர்களேன்னு ஆரம்பிச்சா போதும், வாய் பழைய பாதையிலயே ஓடுது. வளையாத நாக்கு. இத்தனை வருஷமா அதுலதான் எனக்குப் பெருமை. நான் அங்க இல்லேன்னா திரும்பிப் போறதுன்னு முடிவாயிரும். துரோகின்னு என்னைப் பத்தி நோட்டீஸ் போடுவாங்க. நல்லாவே எழுதுவாங்க, எழுதக் கத்துக் குடுத்தவன் நான்தானே.

கூட்டம் நடக்கற மண்டபமா? அட, உக்காருங்க தம்பி, டிரைவர்கிட்ட எல்லாம் சொல்ல வேணாம். அது நீங்க ஏறினதுக்கு முந்தின ஸ்டாப்பு. மக வீட்டுக்கு இன்னும் கொஞ்ச தூரம் போகணும்.