தீர்ப்பு வந்த மத்தியானம்

கிளார்க்: ...இன்னொரு தடவ வாசிக்கிறேன், கேளுங்க மேடம்!

பேராசிரியர்: வேணாண்ணே. மூணு தடவ ஆச்சு. டிபார்ட்மெண்டே காலியாயிடுச்சு, நீங்களும் சாப்பிடப் போங்க.

கிளார்க்: "அகதிகள் முகாமில் பிறந்த ஒன்பதாயிரம் பேரும் இந்நாட்டுக் குடிமக்களே." அடேங்கப்பா... கையப் பாருங்க, புல்லரிக்குது!

பேராசிரியர்: ஏசியக் குறைங்க, சரியாயிடும்.

கிளார்க்: கிண்டலா? அடுத்த வரியிலயே உங்க ஆராய்ச்சிதான். ஜட்ஜே சொல்றாரு, இதவிடப் பெரிய சாட்சி...

பேராசிரியர்: சாட்சி நான் இல்ல. அந்த மருத்துவச்சியம்மா.

கிளார்க்: யாரு, முகாம்ல பிரசவம் பாத்தவங்களா?

பேராசிரியர்: ம். ஒவ்வொரு பிரசவத்தையும் எழுதி வச்சிருந்தாங்க. ஸ்கூல் நோட்டுல, பென்சில்ல. அம்மா பேரு, நாளு, நேரம்... முப்பத்தொரு நோட்டு.

கிளார்க்: யாரு எழுதச் சொன்னா?

பேராசிரியர்: யாரும் சொல்லல. நானும் கேட்டேன். "ஒரு உசுரு வந்துச்சுன்னு யாராவது ஒருத்தர் எழுதி வைக்க வேணாமா"ன்னாங்க.

கிளார்க்: அந்த நோட்டுல இருந்த அத்தன பேரையும் நீங்க...

பேராசிரியர்: தேடிப் போனேன். பதினாறு வருஷம். இன்னிக்கு அந்தம்மா கோர்ட்டுக்கு வந்திருந்தாங்க. தீர்ப்ப வாசிச்சு முடிச்சதும் என் காதுல, "அப்ப நான் எழுதுனதெல்லாம் சரிதானே?"ன்னாங்க. என்னால...

கிளார்க்: அழுங்க மேடம். அழுதா என்ன இப்போ?

பேராசிரியர்: சரி, சரி. கையில என்ன கடுதாசி?

கிளார்க்: வெளிநாட்டுலேர்ந்து அழைப்பு. உங்கள வந்து பேசச் சொல்றாங்க. இதோட ஒம்பது ஆச்சு. வழக்கம்போல "பிளேன்னா பயம்"னு எழுதிடவா?

பேராசிரியர்: வேணாம்... வரேன்னு எழுதுங்க.

கிளார்க்: அட! பயம் எங்க போச்சு?

பேராசிரியர்: பயமெல்லாம் எப்பவுமே இல்லண்ணே. பாஸ்போர்ட்தான் இல்ல. நானும் அந்த முகாம்ல பொறந்தவதான். ரெண்டாவது நோட்டுல என் பேரும் இருக்கு. இத்தன வருஷம் எந்த நாடும் என்னத் தன் ஆளுன்னு சொல்லல. இங்க யார்கிட்டயும் நான் வாயத் திறக்கல. உங்ககிட்டகூட...

கிளார்க்: தெரியும் மேடம். வருஷா வருஷம் காலேஜுக்கு நீங்க தர்ற படிவத்துல "எந்த நாட்டுக் குடிமகள்"ங்கிற இடம் மட்டும் காலியாத்தானே வரும்? மேல இருக்கறவங்க கண்ணுல படாம, இருபத்திரெண்டு வருஷமா அத மத்த படிவக் கட்டுக்கு நடுவுல சொருகி அனுப்புறது நான்தானே!