மெட்ராஸில் அடிக்காத கோல்

தசரதன்: சூரியன் கண்ணுல அடிச்சிச்சின்னு மட்டும் சொல்லாத மச்சான். பேப்பர்ல போட்டோ வந்துச்சி. சூரியன் உன் முதுகுக்குப் பின்னாடி கீது.

சம்பங்கி: அப்ப... சதை புடிச்சிக்கிச்சின்னு வெச்சிக்க.

தசரதன்: எந்தக் கால்ல?

சம்பங்கி: எடது... இல்ல, வலது.

தசரதன்: பாத்தியா மாலா, உங்கண்ணனுக்கு எந்தக் காலுன்னு இன்னும் முடிவாவல.

மாலா: அவரைச் சாப்புட வுடுங்க. காலையிலதான் ரயில்லேருந்து எறங்கி வந்திருக்காரு. ண்ணா, இன்னொரு உருண்டை களி வெக்கவா?

சம்பங்கி: வையி. கொச்சின்ல களின்னா இன்னான்னு கேக்கறானுங்க.

தசரதன்: சாப்புடட்டும், காது சும்மாதானே கீது? சாயந்திரம் கமிட்டி ஒக்காருது. மைன்ஸ் டீம் கேப்டன் நான். உன் பேரை நான்தான் சொல்லணும். சேத்துகினா தங்கச் சுரங்கத்துல மேலயே சர்ஃபேஸ் வேலை, ஸ்டோர் ரூம்ல. கீழ எறங்க வேணாம். எனக்கே கேப்டனான அப்புறம்தான் மேல வேலை கெடைச்சிது.

சம்பங்கி: அப்ப சொல்லு என் பேரை.

தசரதன்: சொன்னா எல்லாரும் ஒரே கேள்விதான் கேப்பாங்க. போன வருசம் மெட்ராஸ் ஃபைனல்ல கோல்கீப்பர் விழுந்து கெடக்கான், கோல் காலியா கீது, பந்து உன் கால்ல கீது. ஏன் நின்னுட்ட? நான் இன்னான்னு சொல்றது?

சம்பங்கி: விசில் கேட்டுச்சின்னு சொல்லேன்.

தசரதன்: ஏது விசிலு? ஆட விட்டுட்டு ரெஃப்ரி பின்னாலியே ஓடி வரான்னு ரேடியோவுல சொன்னானே.

சம்பங்கி: யாரு கேட்டது?

தசரதன்: ஊரே கேட்டுச்சி.

சம்பங்கி: நீ இன்னா மாப்ள, போலீஸ்ல சேந்துட்டியா?

மாலா: மொத்தம் எத்தினி டீமுண்ணா ஆடியிருப்ப?

சம்பங்கி: ஏழு.

மாலா: எட்டு. நீ குடுத்துட்டுப் போனது எங்க வீட்ல எட்டு பனியன் கீது. கோயமுத்தூர் மில்லு பச்சை, லாந்தர் தொடைக்கறேன். ஐதராபாத் மஞ்சளு தலகாணி உறை. அந்த பம்பாய் சேப்பு கீது பாரு, அதை ஊறவெச்சி என் வெள்ளைச் சீலையெல்லாம் போச்சி.

சம்பங்கி: கொச்சினை சேத்திருப்ப. மழையில மூணே ஆட்டம், அதெல்லாம் ஒரு டீமா?

தசரதன்: எந்த ஊர்லயாவது ரெண்டாவது தீபாவளி பாத்தியா நீ?

சம்பங்கி: பம்பாயில பாத்தேன். பெஞ்சுல ஒக்காந்துகினு.

தசரதன்: போற எடமெல்லாம் கோல் போடற. அப்புறம் ஏன் யாரும் வெச்சிக்க மாட்டேன்றான்?

சம்பங்கி: வாடகை சைக்கிள் மாதிரி மாப்ள. யாரு வேணா மிதிப்பான், எவனும் தொடைச்சி வெக்க மாட்டான்.

தசரதன்: மெட்ராஸ்காரன் வெச்சிருப்பான். அந்த ஒரு கோலு போட்டிருந்தா பெர்மனென்ட் வேலை, குவார்ட்டர்ஸு, எல்லாம் குடுக்கறதா சொன்னான் இல்ல?

சம்பங்கி: சொன்னான்.

தசரதன்: தெரிஞ்சுமா நின்ன?

சம்பங்கி: ...கொழம்பு நல்லா கீது மாலா.

தசரதன்: ஊரு இன்னா பேசுது தெரியுமா உனக்கு?

மாலா: வேணாங்க.

தசரதன்: அவனும் தெரிஞ்சிக்கட்டும். காசு வாங்கிட்டான்னு பேசறாங்க மச்சான்.

சம்பங்கி: ரயில்லயே கேட்டேன். பங்காரப்பேட்டையில ஏறின ஒருத்தன் நான் யாருன்னு தெரியாம என்கிட்டயே சொன்னான்.

மாலா: நீ இன்னா சொன்ன?

சம்பங்கி: ஆமாங்க, அவன் சரியான ராஸ்கோலுன்னேன். பாதி வேர்க்கடலைய எனக்குக் குடுத்தான்.

மாலா: போண்ணா, உனக்கு எல்லாம் வெளையாட்டு.

சம்பங்கி: காசு வாங்கினவன் கோரமண்டல் டேசன்லேருந்து பொட்டியத் தலையில வெச்சிகினு நடந்து வருவானா? ஒரு ஜட்கா புடிச்சிருக்க மாட்டானா? யாரு மாப்ள இதை மொதல்ல கெளப்பி வுட்டது?

தசரதன்: ஊருன்னா... நாலு பேரு நாலு சொல்லுவான். மாலா, கொழம்பு ஊத்து.

மாலா: உங்க தட்டு ரொம்பி வழியுது.

சம்பங்கி: இதப் பாரு மாப்ள. எனக்கு முப்பத்தி நாலு ஆச்சி. இனிமே எந்த ஊர்க்காரனும் கூப்புட மாட்டான். இந்த டீமும் வேணான்னுட்டா அந்தக் கேஜுக் கூண்டுல ஏறி சுரங்கத்துக்குக் கீழதான் எறங்கணும். எங்க நைனா எறங்கிப் போயி திரும்பி வராத எடம். அங்க மட்டும் என்னால முடியாது.

தசரதன்: அதுக்குத்தானே நெஜத்தைச் சொல்லுன்றேன்.

சம்பங்கி: நெஜம் சிரிப்பா இருக்கும்.

தசரதன்: சிரிச்சிட்டுப் போறேன். சொல்லு.

சம்பங்கி: அது வந்து... இந்தக் கருவாடு நம்ம பஜார்லயா...

மாலா: இருங்க.

சம்பங்கி: இன்னா?

மாலா: அதிருது. தரை அதிருது.

தசரதன்: பானையப் புடி, சாயுது பாரு.

மாலா: கெடக்கட்டும் பானை. நான் வாசலுக்குப் போறேன்.

தசரதன்: ...நின்னுடுச்சி. சின்ன ஏர் பிளாஸ்ட்தான். கீழ எங்கியோ பாறை வெடிச்சிருக்கு. அபாயச் சங்கு ஊதுதா?

மாலா: ஊதல. தெருவுல எல்லாப் பொம்பளைங்களும் வந்துட்டாங்க. ரத்தினம்மா மவனுக்கு இப்பதான் ஷிஃப்டு, பாவம். சுரங்க ஷாஃப்டையே பாத்துகினு நிக்கறா. ...ஆங், ஷாஃப்டு மேல சக்கரம் சுத்துது. கேஜு வருது. ஒண்ணும் இல்ல.

தசரதன்: அப்ப சரி. வா உள்ள. மச்சான், நீ சாப்... எங்க இவன்?

மாலா: இங்க கீறாரு, நடுத்தெருவுல. கையில களியோட.

தசரதன்: ஏய் மச்சான், சக்கரம் சுத்துது. வா.

சம்பங்கி: ம். வரேன்... வரேன்.

மாலா: ண்ணா, உள்ள வந்து ஒக்காரு. இங்க பாரு. மெட்ராஸ்லயும் இப்பிடித்தானே நின்ன?

தசரதன்: மெட்ராஸ்ல ஏதுடி சுரங்கம்?

மாலா: நீங்க சும்மா இருங்க. சொல்லுண்ணா.

சம்பங்கி: பலகை கேலரி மாலா அங்க. பந்து என்கிட்ட வந்திச்சா, எதுர்க்க ஆளே இல்ல. அம்மாம் ஜனமும் எனக்காக எழுந்து நின்னு தொம்தொம்னு காலைத் தட்டிச்சி. தரை அதிர்ந்திச்சி. அவ்ளோதான்... காலு நின்னுடுச்சி. திரும்பிப் பாத்தேன்.

தசரதன்: இன்னாத்தைப் பாத்த?

சம்பங்கி: ஷாஃப்டைத்தான். சக்கரம் சுத்துதான்னு. அங்க ரெண்டு தென்னமரம் நின்னுகினு இருந்திச்சி. குனிஞ்சா பந்தைக் காணோம்.

மாலா: ஐயோ... ண்ணா.

தசரதன்: இதை அப்பவே சொல்லியிருக்கலாமே.

சம்பங்கி: யாருகிட்ட? மேனேஜருகிட்டயா? ஜனம் காலைத் தட்டினா பயப்படற ஃபார்வர்டுன்னு சொல்லி சிரிப்பானுங்க. அதுக்கு காசு வாங்கினவன்ற பேரே தேவலாம்னு வுட்டுட்டேன்.

மாலா: எங்கிட்ட சொன்னா நான் சிரிப்பனா? பெங்களூர்ல ஜெயசீலி கல்யாணத்துல, ரோட்ல லாரி போச்சின்னு நான் பந்தியிலேருந்து எச்சிக் கையோட வாசலுக்கு ஓடினேனே.

சம்பங்கி: உங்கிட்ட சொன்னா நீ இவனுக்குச் சொல்லிடுவ.

தசரதன்: எனக்குத் தெரிஞ்சா இன்னா?

சம்பங்கி: வுடு மாப்ள.

தசரதன்: இல்ல, சொல்லு.

சம்பங்கி: நைனா போயி எவ்ளோ வருசமாச்சி. அப்புறம் கீழ எனக்குன்னு யாரு இருந்தாங்க? அப்ப நீ இன்னும் கீழ வேலை. அந்த வாரம் உனக்கு ரெண்டாவது ஷிஃப்டு, மேட்ச் நேரத்துல கீழதான் இருப்பேன்னு மாலா சொல்லியிருந்தா. தரை அதிர்ந்ததும் உன் மூஞ்சிதான் வந்திச்சி. உன்னால எம்பொழைப்பு போச்சின்னு நீ மனசுல வெச்சிக்கக் கூடாதில்ல... அதான் வாயத் தொறக்கல.

மாலா: ஆமாண்ணா. அன்னிக்கி நான்தான் சோறு கட்டிக் குடுத்து ஷிஃப்டுக்கு அனுப்பினேன். நல்லா நெனப்பு கீது. ...இன்னாங்க, தட்டையே பாத்துகினு கீறீங்க?

தசரதன்: சட்டைய மாத்து மச்சான், கமிட்டிக்கு நீயும் வா. எல்லார் எதுர்க்கவும் நானே சொல்லிடறேன்.

மாலா: இன்னான்னு சொல்லுவீங்க?

தசரதன்: அன்னிக்கி நான் கீழ எறங்கவே இல்ல மாலா. நீ கட்டிக் குடுத்த சோத்தை எடுத்துகினு, மச்சான் கோல் போடறதைக் கேக்கணும்னு பஜார்ல ஜம்புலிங்கம் கடை ரேடியோ முன்னால போயி ஒக்காந்துட்டேன். நின்னுட்டான்னு ரேடியோவுல சொன்ன ஒடனே, காசு வாங்கிட்டாண்டான்னு மொதல்ல கத்தினவனும் நான்தான்.