சூடு தங்கும் அறை

கூரைக்கு அடியில் வைக்கும் கண்ணாடிப் பஞ்சை அழுத்தித் திணிக்கக் கூடாது, மேடம். சீலிங் போடும் பலர் அந்தத் தவறைத்தான் செய்கிறார்கள். குளிரைத் தடுப்பது பஞ்சு இல்லை. பஞ்சுக்குள் அசையாமல் நிற்கும் காற்று. நான் வேதியியல் படித்தவள் என்பதால், எங்கள் வீட்டில் அந்த வேலையை அண்ணன் என்னிடம் விட்டான்.

நாங்கள் எஸ்டேட் லைன் வீட்டில் வளர்ந்தவர்கள். பனிக்காலத்தில் விடியும்போது தகரக் கூரையிலிருந்து முகத்தில் தண்ணீர் சொட்டும். மழை இல்லை. இரவெல்லாம் நாங்கள் விட்ட மூச்சுதான் அது. அப்பாவும் அம்மாவும் போன பிறகு அண்ணன் பாலகுமார் தேயிலை ஃபேக்டரிக்குப் போய் என்னைப் படிக்கவைத்தான். அதே மலையில் கட்டபெட்டு என்ற ஊரில் கொஞ்சம் இடம் வாங்கி வீடு கட்டத் தொடங்கியபோது சொன்னான்:

"பாப்பா, உள்ரூம் உனக்குத்தான். அங்க ஒரு சொட்டு விழுகாது."

சாரத்தின் மேல் மல்லாந்து படுத்தபடி இருவரும் வேலை செய்தோம். பஞ்சுத் தூசியில் கை அரிக்கும். அவன் தேங்காய் எண்ணெய் தடவிவிடுவான். நான் பேசக் கூச்சப்படுகிறவள். அந்த நாட்களில் நிறையப் பேசினேன். வாங்கிய பஞ்சு அந்த ஓர் அறைக்குத்தான் சரியாக இருந்தது.

பிறகு சுஜாதா அண்ணி வந்தார். உடுமலைப்பேட்டைப் பக்கம். நல்லவர். அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.

"அவளுக்குக் குளிர் தாங்காது பாப்பா. நீ பழகினவ" என்றான் அண்ணன்.

என் பாயை முன்னறைக்கு எடுத்துப்போனேன். அங்கே வெறும் தகரம். காலையில் சொட்டியது. இப்போது அது என் ஒருத்தியின் மூச்சு மட்டும்.

குழந்தை பிறந்ததும் பாப்பா என்ற பெயரும் போயிற்று. அண்ணன் கூப்பிட்டால் திரும்புவேன். அவன் தொட்டிலைப் பார்த்துக்கொண்டிருப்பான். எனக்கு வருத்தமில்லை. கவனித்தேன், அவ்வளவுதான்.

உள்ளறைச் சுவரின் உச்சியில் காற்றுப் போக இரண்டு துளைகள் விட்டிருந்தோம். தாய்வீட்டிலிருந்து குழந்தையோடு வந்த அண்ணிக்கு அதில் வரும் காற்று ஆகவில்லை. அடைக்கச் சொன்னது அண்ணன். துண்டுப் பஞ்சை வைத்துப் பலகை அறைந்தது நான். அதுவரை என் மீது ஒரு தவறும் இல்லை.

அண்ணி வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிப்பார். "ஏனுங்க வாணி, உங்கூர்ல தலை காயறதுக்குள்ள அடுத்த வெள்ளிக்கெழமையே வந்துருமாட்ட இருக்குதே" என்று சிரிப்பார். கரியைச் சட்டியில் கனியவைத்து, சாம்பிராணி தூவி, கதவைச் சாத்திக்கொண்டு முடியை உலர்த்துவார். துளைகளை அடைத்த வாரம் தலைவலியோடு வெளியே வந்து வாந்தி எடுத்தார்.

"ஏன் பாப்பா இப்பிடி?" என்று அண்ணன் கேட்டான். அன்று என்னைத்தான் பாப்பா என்றான்.

"பச்ச ஒடம்புண்ணா. போகப்போகச் சரியாயிரும்."

காரணம் எனக்குத் தெரியும். மூடிய அறையில் கரி கனன்றால் என்ன நச்சுவாயு வரும் என்பது நான் பரீட்சையில் எழுதியதுதான். அதற்கு வாசனை கிடையாது. சாம்பிராணிக்குத்தான் உண்டு.

அடுத்த வெள்ளி அண்ணனுக்குப் பகல் ஷிஃப்ட். கரிச்சட்டியை நான் தயார் செய்து கொண்டுபோய் வைத்தேன். மூடுபனி அதிகம் என்பதால் கரியும் சற்று அதிகம்.

"நீங்க இல்லீன்னா நான் என்ன பண்ணுவனோ" என்றார் அண்ணி.

கொஞ்ச நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வாணி, தலை கனக்குதுங்க. எந்திரிக்க முடியல. வந்து இந்த சன்னலத் தொறந்துவிடுங்க."

"பனி உள்ள வந்துரும் அண்ணி. கண்ண மூடிப் படுங்க, சரியாப்போயிரும்."

மறுபடி கூப்பிடவில்லை. எதையும் சொன்னால் கேட்டுக்கொள்வார்.

நீங்கள் திரும்பத் திரும்பக் குழந்தையைப் பற்றியே கேட்கிறீர்கள். சட்டியை வைக்கும் முன்பே ஏன் அதைத் தொட்டிலிலிருந்து எடுத்து முன்னறைக்குக் கொண்டுபோனேன் என்று. புகை சின்னக் குழந்தைக்கு ஆகாது. அது என் அண்ணன் குழந்தை. என் மடியில் நன்றாகத் தூங்கியது.

சாயங்காலம் அண்ணன் வந்தான். அண்ணியை எழுப்பிப் பார்த்தான். எழவில்லை. உடம்பில் சூடு மட்டும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வெகுநேரம் கழித்துத்தான் கதவடியில் கிடந்ததைக் கவனித்தான். என் குளியல் துண்டு, நீளமாகச் சுருட்டி, வெளிப்பக்கமிருந்து வாசற்படியோடு அழுத்தி வைத்தது.

"பாப்பா, இத யாரு வெச்சது?"

நான்தான் வைத்தேன், மேடம். அறையின் சூடு வெளியே போய்விடக் கூடாது என்றுதான். அண்ணிக்குக் குளிர் தாங்காது.