நாலே சாமான்

மனைவி: ஏங்க, அந்தப் பள்ளிக்கூடத்து ஆர்டர் நமக்கு வேணாம். சொன்னா கேளுங்க.

கணவர்: வேணாமா? அது கிடைக்கலேன்னா பேக்கரிய மூட வேண்டியதுதான்னு நேத்து மூக்கச் சிந்துனது யாரு?

மனைவி: நான்தான். இப்ப சிந்தல... டீச்சர் போன்ல என்ன கேட்டாங்க? மறுபடி சொல்லுங்க.

கணவர்: 'உங்க பிரெட் அல்ட்ரா பிராசஸ்டா'ன்னாங்க. வந்துச்சே கோவம்! கையால பிசையறேன் தாயே, இதென்ன ஃபேக்டரியான்னேன்.

மனைவி: கையால பிசைஞ்சா போதுமாமா?

கணவர்: போதாதாமே! மாவு அரைக்கிறது, பால் காய்ச்சுறது... அதுவும் பிராசஸ்தானாம். அதுல தப்பில்லையாம். எந்த வீட்டு அடுப்படியிலயும் இல்லாத பவுடர், கிவுடர் உள்ள போனாத்தான் 'அல்ட்ரா'வாம்.

மனைவி: ஒரே... ஒரு ஸ்பூன் போனாலுமா?

கணவர்: இப்ப எதுக்கு ஸ்பூன் கணக்கு? வாசல் போர்டுல என்ன எழுதியிருக்கு? மாவு, தண்ணி, உப்பு, ஈஸ்ட். நாலே சாமான்! அதத்தான் அடிச்சுச் சொன்னேன். சாயங்காலம் நேர்ல பாக்க வர்றாங்க.

மனைவி: ஐயோ, வரச் சொல்லிட்டீங்களா!

கணவர்: அதுக்குள்ள இந்தப் பாழாப்போன அடுப்பு வேற. ரெண்டு மாசமா பிரெட் பலூனாட்டம் உப்புது, வெளிய எடுத்தா பொசுக்குனு உக்காந்துடுது. மெக்கானிக்கும் வந்து வந்து...

மனைவி: அடுப்புல ஒண்ணுமில்லங்க.

கணவர்: நீ பெரிய மெக்கானிக்கு!

மனைவி: கத்தாதீங்க... சாயங்காலமே பிரெட் கல்லாயிடுதுன்னு வாடிக்கக்காரங்க ஒவ்வொருத்தரா நின்னுட்டாங்கல்ல? அதான்... மெத்துன்னு இருக்க ஒரு பவுடர். நீங்க குளிக்கப் போற நேரமாப் பாத்து மாவுல கலந்துட்டு வர்றேன்.

கணவர்: பவுடரா...

மனைவி: திட்டுங்களேன்! நல்லாத் திட்டித் தொலைங்களேன்!

கணவர்: எந்தப் பவுடர்?

மனைவி: நீல டப்பா. சோப்புத்தூளுக்குப் பின்னாடி ஒளிச்சு வெச்சிருக்கேன்.

கணவர்: எவ்வளவு போடுற?

மனைவி: டப்பாவுல போட்டிருக்கிற அளவுதாங்க, ஒரு சிட்டிகை அதிகமில்ல. அப்புறம் ஏன் இப்படி உக்காந்து போகுதுன்னு எனக்கும் புரியல...

கணவர்: எப்படிப் புரியும்? நீ எந்திரிக்கறதுக்கு முன்னாடியே நானும் அதே பவுடர அதே அளவு போட்டுடுறேனே... நின்னு முறைக்காத, ஏணிய எடுத்துட்டு வா. டீச்சர் வர்றதுக்குள்ள அந்த போர்டயாவது இறக்குவோம்.