பதினான்காவது குழியின் மணற்பள்ளம்

உங்கள் அலுவலக வாசலில் இருக்கும் புல்லுக்குத் தண்ணீர் அதிகமாக விடுகிறார்கள். வேர் அழுகிக்கொண்டிருக்கிறது. வாரத்துக்கு இரண்டு நாள் போதும் என்று யாரிடமாவது சொல்லி வையுங்கள். சரி, நீங்கள் கேட்டதற்கு வருகிறேன்.

அந்தக் கோல்ஃப் மைதானத்தின் புல்லுக்கும் மண்ணுக்கும் முப்பத்தோரு வருஷமாக நான்தான் பொறுப்பு. எண்பது வருஷத்துக்கு முன்னால் ஒரு மனிதர் பார்த்துப் பார்த்து அமைத்த மைதானம். பெரிய சாம்பியன்ஷிப்கள் நடந்த இடம். பதினான்காவது குழிக்கு முன்னால் ஒரு மணற்பள்ளம் உண்டு. ஆளுயரத்துக்கு மேல் ஆழம். ஒரு பக்கம், புல்கட்டிகளைச் செங்கல் போல அடுக்கி எழுப்பிய சுவர். ஆட்டக்காரர்கள் அதற்கு 'மாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். அவளிடம் சிக்கியவர்கள் லேசில் மீள்வதில்லை. கோப்பைகளாக வாங்கிக் குவித்த ஒருவர் அதற்குள் ஏழு முறை அடித்துப் பார்த்துவிட்டு, பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு ஏறி வந்ததைப் பார்த்திருக்கிறேன். அன்றைக்கு இருந்த சந்தோஷம் என் மகள் பிறந்தபோதுகூட எனக்கு இல்லை. மனைவியிடமே சொன்னேன். "பேசாம அந்தப் பள்ளத்தையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீங்க," என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை.

போன வருஷம் நிர்வாகக் குழுவின் புத்தி எங்கேயோ மேயப் போய்விட்டது. சாம்பியன்ஷிப் திரும்பி வர வேண்டுமானால் மைதானத்தைத் திருத்த வேண்டுமாம். அதற்கு ஒரு வடிவமைப்பாளரைப் பிடித்து வந்தார்கள். காதில் பென்சில், கையில் அழிரப்பர், மண்படாத வெள்ளை ஷூ. அவர் வரைந்ததைவிட அழித்ததுதான் அதிகம் என்பதால் வேலையாட்கள் அவரை 'ரப்பர்' என்றே கூப்பிட்டார்கள். முதல் குழிக்குப் பந்தடிக்கும் மேடையை நாற்பது அடி பின்னால் தள்ளினார். நான் வாய் திறக்கவில்லை. ஆறாவது குழிப் பக்கம் ஏழு மரங்களை வெட்டச் சொன்னார். ரம்பத்தை நானே எடுத்துக் கொடுத்தேன். நான் பிடிவாதக்காரன் இல்லை என்பதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும்.

பிறகு, மாமியாரை முழங்கால் ஆழம் மட்டும் மிஞ்சும்படி தூர்க்கப் போவதாகச் சொன்னார்.

குழுவின் தலைவரிடம் போனேன். அவர் பல் டாக்டர். பந்தைவிட மண்ணைத்தான் அதிகம் அடிப்பவர். "காலம் மாறுதுங்க, நாமளும் மாறித்தானே ஆகணும்?" என்றார். பல்லைப் பிடுங்கியே பழகியவருக்கு வேறு யோசனை எங்கிருந்து வரும்? நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

திங்கட்கிழமை மைதானத்துக்கு விடுமுறை. வேலையாட்களும் வர மாட்டார்கள். தூர்ப்பதற்கு முன்னால் பள்ளத்தின் பழைய அடித்தரையைக் காட்டுகிறேன் என்று ரப்பரை அன்று காலை வரச் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் முடிந்ததும், சுவரின் கீழ் மூன்று வரிசையை உருவி, பின்னால் இருந்த மண்ணையும் குடைந்து, ஒரே ஒரு பலகையால் முட்டுக் கொடுத்திருந்தேன். பலகையில் ஒரு கயிறு. சுவரைப் பிரிக்கிற வேலையை ஆரம்பித்துவிட்டதாகச் சொன்னேன். நம்பினார். சுவரடியில் குந்தி, சின்னக் கரண்டியால் மண்ணைச் சுரண்ட ஆரம்பித்தார். அந்த ஷூவோடு மணலில் இறங்கியதற்காக மட்டும் அவரை ஒரு கணம் மதித்தேன்.

அப்புறம் சட்டைக்குள்ளிருந்து சுருட்டிய காகிதம் ஒன்றை எடுத்து என் கையில் கொடுத்தார். "உங்களுக்குக் காட்டணும்னுதான் தேடி எடுத்தேன். பல மாசம் ஆச்சு. இந்த மைதானத்தை அமைச்சவர் கையாலயே வரைஞ்சது. பாருங்க, இந்தப் பள்ளம் முழங்கால் ஆழம்தான். சுவரே கிடையாது. நான் எதையும் மாத்தலைங்க. அவர் வெச்ச மாதிரியே திருப்பி வைக்கப் போறேன். நடுவுல இந்தச் சுவரை யார் எழுப்பினாங்கன்னுதான் தெரியல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குத்திக்காட்டியதாக நான் நினைக்கவில்லை. அவருக்கு என்ன தெரியும்? வருஷா வருஷம் மழைக்குப் பிறகு விளிம்பு சரியும். சரிந்ததைக் கட்டும்போது ஒரு வரிசை கூடுதலாக வைப்பேன். அடியில் கொஞ்சம் மணல் எடுப்பேன். முப்பத்தோரு வருஷம். இதற்குப் பெயர் பராமரிப்பு. இதைப் போய் மாற்றம் என்று சொல்பவரிடம் என்ன பேசுவது? கயிற்றை இழுத்தேன்.

சத்தம் பெரிதாக இல்லை. ஈர மண் அப்படித்தான் விழும்.

இந்த இடத்தில்தான் நான் தப்புச் செய்தேன். மணற்பள்ளத்துக்கு ஒரு சட்டம் உண்டு. இறங்கியவர் யாராக இருந்தாலும், காலடித் தடம் தெரியாமல், நீளக் கம்பில் பல் வைத்த ரேக்கால் இழுத்துச் சமப்படுத்திவிட்டுத்தான் ஏற வேண்டும். நானும் இழுத்தேன். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. ஓரிடத்தில் மட்டும் மண் அசைந்து, ரேக் போட்ட கோடு கலைந்தது. அங்கே இரண்டாம் முறை இழுக்க வேண்டியிருந்தது. சிறிது நேரம் காத்திருந்து பார்த்தேன், பிறகு கலையவில்லை. பலகையைக் கொட்டகையில் போட்டேன், ரேக்கை அதன் இடத்தில் வைத்தேன், வீட்டுக்குப் போனேன். "என்ன, இன்னைக்கு நேரத்தோட வந்துட்டீங்க?" என்றாள் மனைவி. வேலை முடிந்துவிட்டது என்றேன்.

மறுநாள் எல்லோரும் விபத்து என்றுதான் சொன்னார்கள். பல் டாக்டர் அழக்கூடச் செய்தார். வந்த போலீஸ்காரர்களில் நீங்கள் ஒருவர்தான் பள்ளத்தின் ஓரத்தில் நின்றுகொண்டு, "சுவர் தானா விழுந்துச்சுன்னா, விழுந்த மண்ணுல கோடு போட்டது யாரு?" என்று கேட்டீர்கள். கோல்ஃப் ஆடாத ஒருவருக்கு இது தோன்றியதில் எனக்கு ஆச்சரியம்தான். ஆமாம், நான்தான். அவரைக் கொன்றதும் நான்தான். மைதானத்தின் குணம் கெடக் கூடாது என்பதைத் தவிர வேறு காரணம் எதுவும் இல்லை.

அந்தப் படத்தைக் கேட்கிறீர்கள். அன்றைக்கே எரித்துவிட்டேன். அது தப்பான படம். அமைத்தவரே வரைந்ததாக இருக்கட்டுமே. அமைத்துவிட்டுப் போனவருக்கு மாமியாரைப் பற்றி என்ன தெரியும்?